அவரை வெளுக்குது... இரும்பு வாங்கப் போறீங்களா?

செடி அவரை விதைத்து இருபத்தைந்து, முப்பது நாள் ஆகியிருக்கும். நல்ல மழை ஒன்று பெய்து காடு இரண்டு நாள் சொதசொதவென்று கிடந்திருக்கும். அடுத்த வாரம் பார்த்தால் கொழுந்தெல்லாம் மஞ்சள். அடி இலை பச்சையாகவே நிற்கும். நுனி இலை மட்டும் எலுமிச்சம்பழ நிறத்துக்குப் போய், நரம்புகள் பச்சைக் கோடாகத் தெரியும். பல்லடம், தாராபுரம், உடுமலை, ஒட்டன்சத்திரம் பக்கம் சுக்கான் கல் கலந்த காட்டில் அவரை, தட்டைப்பயறு, நிலக்கடலை வைக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து நடப்பதும் தெரிந்ததுதான். பிடுங்கிய செடியோடு கடைக்குப் போனால், "இரும்புச் சத்துக் குறைபாடுங்க, இதை அடிங்க" என்று ஒரு பாட்டில் கைக்கு வரும். இப்போதெல்லாம் அந்தப் பாட்டிலில் பச்சை இலைப் படமும் 'இயற்கை' என்ற சொல்லும் இருக்கும். அடித்தால் பத்து நாள் பச்சை. அப்புறம் வருகிற கொழுந்து மறுபடி மஞ்சள். மறுபடி பாட்டில். இடுபொருள் செலவைக் குறைக்கத்தானே இயற்கை வழிக்கு வந்தோம்? பட்டத்துக்குப் பட்டம் இப்படி வாங்கிக்கொண்டிருந்தால் யூரியா மூட்டை போன இடத்தில் பாட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் காட்டில் இரும்புக்குக் குறைவே இல்லை. இருக்கிற இரும்பு பூட்டிக் கிடக்கிறது. பூட்டு எது என்று பார்க்காமல் மேலும் மேலும் இரும்பு வாங்குவது வீண் செலவு. அதே சமயம், "ஜீவாமிர்தம் ஊத்துங்க, எல்லாம் சரியாப் போகும்" என்று நம் கூட்டங்களில் சொல்லி அனுப்பிவிடுவதும் போதாது. சுண்ணாம்பு மண்ணுக்காரருக்கு அதைவிடத் தெளிவான பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒரு ஏக்கர் கணக்கு

ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண்ணின் எடை ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. சாதாரண மண்ணில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பங்கு வரை இரும்பு இருக்கும். இரண்டு பங்கு என்று வைத்தாலே 18 டன் இரும்பு. ஒரு அவரைப் பயிர் இலை, தண்டு, காய் எல்லாம் சேர்த்து எடுக்கிற இரும்போ சில நூறு கிராம்தான்.

வங்கியில் கடன் மனுவைப் பார்க்கும்போது சொத்து மதிப்பு வேறு, கையிருப்பு வேறு என்று பிரித்துப் பார்ப்பது பால பாடம். கோடி ரூபாய்க்குப் பூமி வைத்திருப்பவர் நாளைக்குக் கூலி கொடுக்கக் காசில்லாமல் நிற்பார். மண் பரிசோதனையில் வருகிற இரும்பு எண் அந்தக் கையிருப்பைத்தான் சொல்கிறது. டி.டி.பி.ஏ. என்ற கரைசலில் மண்ணைக் குலுக்கி, அதில் இறங்கி வருகிற இரும்பை மட்டும் அளக்கிறார்கள். இந்த முறையை 1978ல் லிண்ட்சே, நார்வெல் என்ற அமெரிக்க மண்ணியல் அறிஞர்கள் வகுத்து வெளியிட்டார்கள். 4.5 பி.பி.எம்.முக்குக் கீழே போனால் 'குறைவு' என்பது பொதுவான அளவுகோல். சுண்ணாம்பு மண்ணுக்கு இதைவிடக் கூடுதலான அளவு வைக்கிறார்கள். ஏக்கர் கணக்கில் 4.5 பி.பி.எம். என்பது 4 கிலோ. ஆக 18 டன் சொத்து, 4 கிலோ கையிருப்பு. இந்த 4 கிலோவே பயிருக்கு வேண்டியதைப் போல பல மடங்கு. அதையும் செடியால் எடுக்க முடியவில்லை என்றால் தடை வேறெங்கோ இருக்கிறது.

பூட்டு எப்படி விழுகிறது?

மண்ணில் உள்ள இரும்பு பெரும்பாலும் துரு வடிவத்தில் இருக்கிறது. துரு தண்ணீரில் லேசில் கரையாது. மண்ணின் கார அமில நிலை ஒரு எண் கூடினால், அதாவது 6.5லிருந்து 7.5 ஆனால், கரைகிற இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். சுண்ணாம்பு கலந்த மண் 7.5க்கும் 8.5க்கும் இடையில் நிற்கும். இரும்பு மிகக் குறைவாகக் கரைகிற இடமும் அதுதான். கொடைக்கானல், நீலகிரி மலைத் தோட்டங்களின் புளிப்பு மண்ணில் பீன்ஸ் வைக்கிறவர்கள் இந்த வெளுப்பை அவ்வளவாகப் பார்ப்பதில்லை என்பதற்குக் காரணம் இதே.

அவரைக் குடும்பத்துச் செடி சும்மா இருக்காது. வேர் நுனியில் அமிலத்தைக் கசிய விட்டு, துருவைக் கரைத்து, அதை வேறு வடிவ இரும்பாக மாற்றி உள்ளே இழுக்கும். இயற்கை கொடுத்த சாமர்த்தியம். ஆனால் மண் நீரில் பைகார்பனேட் நிறைந்திருந்தால், வேர் விடுகிற அமிலத்தை அது அப்போதைக்கப்போது அணைத்துவிடும். செடி எவ்வளவு கசியவிட்டாலும் பலனில்லை.

மழைக்குப் பிறகு வெளுப்பதற்கும் இதில் விடை இருக்கிறது. ஈரம் தேங்கினால் மண்ணுக்குள் காற்று ஓடாது. வேரும் நுண்ணுயிரும் விடுகிற கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் தண்ணீரில் கரையும். அங்கே சுண்ணாம்பும் இருந்தால் பைகார்பனேட் பெருகும். நெல் வயலில் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும்போது இரும்பு கரைந்து கிடைப்பது வேறு கதை. அந்த வேர் தண்ணீரிலேயே வாழப் பழகியது. அவரை வேருக்கு மூச்சு வேண்டும். வயல் காய்ந்து காற்றோட்டம் வந்ததும் பல இடங்களில் கொழுந்து தானாகவே பச்சைக்குத் திரும்பும். அந்த வாரத்தில் பாட்டில் அடித்தவர் பெருமையைப் பாட்டிலுக்குக் கொடுத்துவிடுவார்.

பயறு வகைக்கு இரட்டை அடி

பச்சையம் தயாராக இரும்பு வேண்டும். அதனால் இலை வெளுக்கிறது. இது எல்லாப் பயிருக்கும் பொது. அவரை, உளுந்து, தட்டை, கடலை போன்றவற்றுக்கு இன்னொரு அடியும் விழுகிறது. வேர் முடிச்சில் காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கும் நொதியில் இரும்பு இருக்கிறது. முடிச்சுக்குள் சிவப்பு நிறம் தருகிற பொருள் நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்குச் சொந்தம். அதிலும் இரும்பு உண்டு. இரும்பு கிடைக்காத செடியில் முடிச்சு குறையும். இருக்கிற முடிச்சும் ஒழுங்காக வேலை செய்யாது.

அவரையையும் பயறையும் நாம் வெறும் காய்க்காக வைப்பதில்லை. அடுத்த பயிருக்கு மண்ணில் தழைச்சத்து சேர்த்துவிட்டுப் போகும் என்று நம்பித்தான் பயிர்ச் சுழற்சியில் சேர்க்கிறோம். இரும்பு பூட்டிக் கிடக்கிற காட்டில் அந்த வரவு குறைந்துபோகும். பயறு போட்டும் அடுத்த போகம் எழவில்லையே என்று புலம்புகிறவர்கள், பூக்கிற சமயத்தில் நாலு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே ரோஜா நிறமாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை.

மஞ்சள் எல்லாம் இரும்பு இல்லீங்க

"ஏனுங்கண்ணா, அவரை மஞ்சளடிச்சுப் போச்சு, என்ன அடிக்கட்டும்?" என்று போனில் கேட்கிறவர்களுக்கு நான் திருப்பிக் கேட்கிற கேள்வி, "எந்த இலைங்க?" என்பதுதான்.

இரும்பு ஒருமுறை ஓர் இலையில் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து லேசில் நகராது. அதனால் குறை எப்போதும் புது இலையில்தான் முதலில் தெரியும். அடி இலை வெளுத்து மேலே பச்சையாக இருந்தால் தழைச்சத்தை நினையுங்கள். அடி இலையிலேயே நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம். கொழுந்து இலை நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளுத்தால் கந்தகம். திட்டுத் திட்டாக, ஒழுங்கில்லாமல் பளீரென்ற மஞ்சள் தெரிந்து, இலையைத் திருப்பினால் வெள்ளை ஈ இருந்தால் அது மஞ்சள் தேமல் நோய். அதற்கு இரும்பு அடித்து ஒன்றும் ஆகாது. செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை. ஒரு லிட்டர் மழைநீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, வெளுத்த செடி நாலைந்தைக் குச்சி நட்டு அடையாளம் வைத்து, அவற்றின் கொழுந்து இலையில் மட்டும் சாயங்காலம் துணியால் தொட்டுத் தடவுங்கள். ஒரு வாரத்துக்குள் தடவிய இடம் பச்சைக்குத் திரும்பினால் குறை இரும்புதான். திரும்பாவிட்டால் வேறு காரணத்தைத் தேடுங்கள். டேங்க் டேங்காக அடிப்பதற்கு முன் நாலு செடியில் பார்த்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

அட்டையில் இல்லாத இரண்டு எண்கள்

மத்திய அரசின் மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. அதில் 12 இனங்கள் பார்க்கிறார்கள்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம். நல்ல திட்டம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரும்பு எவ்வளவு என்று சொல்கிற அட்டையில், இரும்பைப் பூட்டி வைக்கிற சுண்ணாம்பு எவ்வளவு என்பது இல்லை. பாய்ச்சுகிற தண்ணீரில் பைகார்பனேட் எவ்வளவு என்பதும் இல்லை. இரும்புக்கு நேரே 'குறைவு' என்று இருந்தால் உழவர் என்ன செய்வார்? இரும்பு வாங்கத்தான் கிளம்புவார்.

சில ஆய்வகங்கள் சுண்ணாம்புத் தன்மையைத் தனியாகக் குறித்துக் கொடுக்கின்றன. மண் கொடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீரையும் தனியாகக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். வீட்டிலேயே தோராயமாகப் பார்ப்பதென்றால், காய்ந்த மண்ணை ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு வினிகரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். சுர்ரென்று நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு தாராளமாக இருக்கிறது. தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஏறினாலும், சொட்டுநீர்க் குழாயின் வாய் வெள்ளையாக அடைத்தாலும் ஆழ்குழாய்த் தண்ணீரின் குணம் தெரிந்துவிடும்.

தண்ணீரை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. லிட்டருக்கு 400 மில்லிகிராம் பைகார்பனேட் உள்ள தண்ணீர் என்று வையுங்கள். ஏக்கருக்கு ஓர் அங்குல உயரம் தண்ணீர் கட்டினால் சுமார் 1 லட்சம் லிட்டர். பத்துத் தண்ணீர் கட்டினால் 10 லட்சம் லிட்டர். அதோடு நாம் பாய்ச்சுகிற பைகார்பனேட் 400 கிலோ. இத்தனையும் வேரடியில் கொட்டிவிட்டு, மேலே கிராம் கணக்கில் இரும்பு தெளிக்கிறோம். இருக்கிற மழைநீரைப் பண்ணைக்குட்டையில் தேக்கி, விதைத்த முதல் ஐந்தாறு வாரத்துக்காவது அதைப் பாய்ச்ச முடிந்தால், இளஞ்செடிக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

நாமே கொண்டுவந்து கொட்டுவது

"சுண்ணாம்பைக் கரைச்சு ஒழிச்சுட்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. மேல் அரை அடி மண்ணில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்றாலே ஏக்கருக்கு 9 டன். அதை முழுதும் முறிக்க ஏறக்குறைய 3 டன் கந்தகம் வேண்டும். பல காடுகளில் சுண்ணாம்பு ஐந்து பங்கு, பத்துப் பங்கு இருக்கிறது. புளித்த மோரும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி மண்ணின் குணத்தை மாற்ற முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும். சுண்ணாம்பை ஒழிக்க முடியாவிட்டாலும், மேலும் சேர்க்காமல் இருக்கலாம் அல்லவா?

முட்டைக்கோழி எரு மலிவாகக் கிடைக்கிறது என்று நாமக்கல் பக்கமிருந்து லாரி லாரியாக வாங்கிப் போடுகிறோம். முட்டை ஓட்டுக்காக அந்தக் கோழிகளுக்குத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்தைத் தாராளமாகச் சேர்ப்பார்கள். எருவிலும் அது வரும். கூடவே மணிச்சத்தும் அதிகம். மணிச்சத்து மிஞ்சினால் அதுவும் இரும்புக்குத் தடை. சிவப்பு மண்ணுக்கு நல்லதாக இருக்கிற அதே எரு சுக்கான் காட்டில் அவரைக்கு ஆகாமல் போகலாம். அடுப்புச் சாம்பலும் அப்படித்தான். நல்ல சரக்குத்தான், ஆனால் காரம். ஏற்கெனவே 8.2ல் இருக்கிற மண்ணில் கூடை கூடையாகக் கொட்ட வேண்டாம். குளத்து வண்டல் ஓட்டுவதற்கு முன் ஒரு பிடி எடுத்து வினிகர் சோதனை செய்துவிடுங்கள். பொங்குகிற வண்டலைப் பொங்குகிற காட்டில் சேர்ப்பதில் லாபமில்லை.

இன்னொன்று நம்மவர்கள் கவனிக்க வேண்டியது. தக்கைப்பூண்டோ பலதானியமோ பச்சையாக மடக்கி உழுது, தண்ணீரும் கட்டி, பத்து நாளில் அவரை விதைத்தால் சுண்ணாம்பு மண்ணில் வெளுப்பு கூடலாம். பச்சைத் தழை மட்கும்போது கரியமில வாயு ஏராளமாக வெளிவரும். ஈரம் நின்றால் அதுவும் பைகார்பனேட்டாகத்தான் மாறும். பலதானிய விதைப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. மடக்கி உழுததற்கும் விதைப்புக்கும் நடுவில் நன்றாக மட்க அவகாசம் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். நன்கு மட்கிய தொழு உரமும் மண்புழு உரமும் இந்தச் சிக்கலைத் தருவதில்லை. மட்கிலுள்ள அங்கக அமிலங்களும் நுண்ணுயிர்கள் சுரக்கிற பொருள்களும் இரும்பைப் பிடித்து, வேருக்கு எட்டுகிற வடிவில் வைத்திருக்கும். அதனால்தான் விதைக் குழிக்குக் குழி மட்கு வைப்பது, காடு முழுக்க இறைப்பதைவிட அவரைக்கு நன்றாகக் கேட்கிறது.

அன்னபேதி தீட்டா?

இது நம் இயக்கத்துக்குள்ளேயே சண்டை கிளப்புகிற கேள்வி. அன்னபேதி உப்பு என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த உப்பு. சித்த மருத்துவத்தில் சோகைக்கு அன்னபேதிச் செந்தூரம் கொடுப்பது பலருக்கும் தெரியும். "உப்புன்னா உப்புத்தான், இயற்கை விவசாயத்துல இடமில்லை" என்பது ஒரு கட்சி. "குறைன்னா கொடுக்க வேண்டியதுதான்" என்பது இன்னொரு கட்சி.

நான் நடுவில் நிற்கிறேன் என்று நழுவப் போவதில்லை. இலையில் தெளிக்க, சோதித்துக் குறை உறுதியான பிறகு, ஒரு போகத்தைக் காப்பாற்ற ஒன்றிரண்டு முறை என்றால் அன்னபேதி சரி. தேசிய இயற்கை வேளாண் விதிகளிலும் நுண்ணூட்ட உப்புகளுக்கு முழுத் தடை இல்லை. தேவையைக் காட்டி, கட்டுப்பாட்டோடு பயன்படுத்த இடமிருக்கிறது. சான்றிதழ் வைத்திருப்பவர்கள் தெளிப்பதற்கு முன்பே சான்றளிக்கிற அமைப்புக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கண்முன்னே அவரை காயாமல் போவதைப் பார்த்துக்கொண்டிரு என்று ஒரு குத்தகைக்காரரிடம் சொல்வது எனக்குக் கொள்கைப் பிடிப்பாகத் தெரியவில்லை.

ஆனால் சுண்ணாம்பு மண்ணில் அன்னபேதியைத் தனியாக இறைப்பதை நான் ஏற்க மாட்டேன். சில நாளில் அது துருவாகி, ஏற்கெனவே உள்ள 18 டன்னோடு சேர்ந்து உட்கார்ந்துவிடும். கடையில் 'செலேட்' என்று விற்பதிலும் ஏமாறாதீர்கள். இ.டி.டி.ஏ. வகைச் செலேட்டை இலையில் தெளிக்கலாம். கார மண்ணில் ஊற்றினால் அது இரும்பைக் கைவிட்டுச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். பாட்டிலில் எந்த வகை என்று போடவில்லையென்றால் வாங்காதீர்கள்.

தெளிப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. நல்ல அன்னபேதி வெளிர் பச்சையாக இருக்கும், பழுப்பேறியிருந்தால் பலனில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, அதோடு 1 கிராம் எலுமிச்சை உப்பு. மழைநீர் இருந்தால் நல்லது. கரைத்த உடனே, வெயில் தாழ்ந்த பிறகு தெளித்துவிட வேண்டும். கரைசல் பழுப்பானால் கொட்டிவிடுங்கள். புளித்த மோரில் பழைய இரும்பை ஊறப்போட்டுத் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். மோரின் அமிலம் கொஞ்சம் இரும்பைக் கரைக்கும் என்பது சரிதான். ஆனால் பானைக்குப் பானை அளவு மாறும். நாலு செடியில் பார்த்துவிட்டுப் பிறகு காட்டுக்குப் போங்கள்.

துணைப்பயிர் செய்கிற வேலை

சோளம், கம்பு, மக்காச்சோளம் போன்ற புல்லினப் பயிர்கள் இரும்பை எடுக்கிற வழி வேறு. துருவைக் கவ்விப் பிடிக்கிற ஒரு பொருளை வேரிலிருந்து வெளியே விட்டு, இரும்போடு சேர்த்துத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். இதை 1970களில் ஜப்பானிய விஞ்ஞானி தகாகி கண்டறிந்தார். பைகார்பனேட் இந்த வேலையை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

வட சீனாவில் சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலை இதே மாதிரி வெளுத்தது. தனியாக விதைத்த கடலை மஞ்சளாக நிற்க, மக்காச்சோளத்துக்குப் பக்கத்து வரிசைக் கடலை பச்சையாக நின்றது. தள்ளிப் போகப் போக வெளுப்பு கூடியது. சீன ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு இதை வெளியிட்டார்கள். இரண்டு பயிரின் வேரும் பின்னிக்கொண்டால்தான் பலன் என்பதும் அதில் தெரிந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சோயா மொச்சை வெளுக்கிற நிலங்களில் ஓட்ஸைத் துணைக்கு விதைக்கிறார்கள். மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் நைட்ரேட்டையும் ஓட்ஸ் உறிஞ்சிக்கொள்வதால் சோயா தேறுகிறது. அவர்கள் பிறகு ஓட்ஸைக் களைக்கொல்லி அடித்துக் கொல்கிறார்கள். நமக்கு மாடு இருக்கிறது. தீவனமாக அறுத்துப் போடலாம்.

இது நமக்குப் புதுசா? சோளத்தோடு தட்டை, மொச்சை, அவரை கலந்து விதைத்ததுதானே நம் மானாவாரிக் காடு? தனிப்பயிராக, சொட்டுநீரில், வரிசை பிடித்து அவரை வைக்க ஆரம்பித்த பிறகு அந்தத் துணை போய்விட்டது. இரண்டு வரிசை அவரைக்கு ஒரு வரிசை மக்காச்சோளமோ கம்போ வைத்துப் பாருங்கள். சில சுண்ணாம்பு மண்ணில் சோளமே வெளுக்கும். அங்கே வேறு தானியத்தைத் துணைக்குப் பிடியுங்கள். கூடவே மேட்டுப்பாத்தி, கரை கட்டிய வரிசை, மழைநீர் வடிய ஒரு வாய்க்கால். அவரைக்கு இவை அழகுக்குச் செய்கிற வேலை இல்லை.

பச்சையாக நிற்கிற செடியில் விதை எடுங்க

கடைசியாக, என்னைப் பொறுத்தவரை முக்கியமான விஷயம். வெளுத்த காட்டை நிதானமாகச் சுற்றி வந்தால், மஞ்சள் செடிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு கரும்பச்சையாக நிற்கும். அதே மண், அதே தண்ணீர். இரும்பை எடுக்கிற திறமை வித்துக்கு வித்து மாறும். சோயா மொச்சையில் இந்தத் திறமை பரம்பரையாக இறங்குகிறது என்பதை 1943லேயே வெய்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டிவிட்டார். இன்றைக்கும் அங்கே வெளுப்பு நிலத்துக்குச் சொல்கிற முதல் யோசனை, தாங்குகிற ரகத்தைத் தேர்ந்தெடு என்பதே.

நம்மிடம் அவரையில் எத்தனை ரகம்! கோழி அவரை, பட்டை அவரை, சிவப்பு அவரை என்று ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறு. விதைத் திருவிழாக்களில் மேசை மேசையாக அடுக்கி வைக்கிறோம். காய் நீளம், நிறம், ருசி சொல்கிறோம். சுண்ணாம்பு மண்ணில் எது பச்சையாக நின்றது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. இதை நாம் செய்ய முடியும். செலவே இல்லை. வெளுப்பு வருகிற இடத்தில், முப்பதாம் நாள் பச்சையாக நிற்கிற செடிக்கு ஒரு துணிக் கயிறு கட்டுங்கள். அந்தச் செடியின் முதல் காய்களைப் பறிக்காமல் விதைக்கு விடுங்கள். அடுத்த பட்டத்தில் அதே மோசமான மூலையில் அதைத் தனி வரிசையாக விதையுங்கள். மறுபடி பச்சையாக நிற்பதில் மட்டும் விதை எடுங்கள். மூன்று நாலு பட்டத்தில் உங்கள் காட்டுக்கென்று ஒரு வித்து கைக்கு வந்துவிடும். என் காட்டின் கிழக்கு மூலையில் இப்போது மூன்றாவது பட்டம் ஓடுகிறது. பட்டை அவரையில் எடுத்த வரிசை, பக்கத்து வரிசையைவிடக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தேறி நிற்கிறது. முடிவு சொல்ல இன்னும் ஒரு பட்டம் பார்க்க வேண்டும்.

ஒருவர் செய்தால் ஒரு காட்டுக்கு ஆகும். சுண்ணாம்பு மண்ணுள்ள பத்துப் பேர் ஒரு குழுவாகச் செய்தால் ஒரு வட்டாரத்துக்கே ஆகும். வட்டாரக் கூட்டங்களில் இரண்டு தீர்மானங்களை வைக்கலாம் என்று நினைக்கிறேன். மண்வள அட்டையில் சுண்ணாம்பு அளவையும், பாசனத் தண்ணீரின் பைகார்பனேட்டையும் சேர்க்கச் சொல்லி வேளாண்மைத் துறைக்கு மனு கொடுப்பது ஒன்று. வெளுப்பைத் தாங்குகிற அவரை, தட்டை வித்துகளை ஊர் பெயர், மண் விவரத்தோடு பதிந்து வைப்பது இன்னொன்று. வரும் ஆடிப் பட்டத்துக்குள் தொடங்கினால் தை மாதத்தில் முதல் விதை கையில் இருக்கும். உங்கள் காட்டில் எந்த வித்து பச்சையாக நின்றது, மண் எப்படி, தண்ணீர் எப்படி என்று நம் இதழுக்கு ஒரு அட்டையில் எழுதிப் போடுங்கள். ஒரு பிடி விதையும் வைத்து அனுப்பினால் என் கிழக்கு மூலையில் அதற்கும் ஒரு வரிசை ஒதுக்குகிறேன்.